கொழும்பு விடுதிகளும் சட்டம் பாராத வாடிக்கையாளரும்

கொழும்புப் பொலிஸார் இன்றும் கையில் எடுக்கும் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் 1841ஆம் ஆண்டுக்குரியது. தெருவில் நின்ற பெண்ணைப் பிடிக்க அது உதவியது. தொற்றுநோய் தொடர்பான 1867ஆம் ஆண்டுச் சட்டம் அவளைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு அனுப்பியது. அரசின் கவலையெல்லாம் வாடிக்கையாளர் மேல்தான்: படைவீரரும் மாலுமியும் நோயில் விழுந்துவிடக் கூடாது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தபின் கொழும்புத் துறைமுகம் பெருகியது. அதை ஒட்டிய கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் மாலுமிகள் நடமாட்டமும் கூடியது.

1885இல் லண்டன் பத்திரிகையாளர் டபிள்யூ. டி. ஸ்டெட், சிறுமிகள் விலைக்கு விற்கப்படுவதை அம்பலப்படுத்தினார். அந்தக் கொந்தளிப்புக்குப் பின் இலங்கைக்கும் 1889இல் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் வந்தது. விடுதி நடத்துபவர், அதற்கு உதவுபவர், தெரிந்தே வீட்டை வாடகைக்கு விடுபவர் ஆகியோருக்கு முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபா வரை தண்டம். அன்று அது பெருந்தொகை. இன்று அற்பத்தொகை. உள்ளே வந்துபோகிறவரைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. பெண்ணின் சம்பாத்தியத்தில் பிழைக்கும் பிறரே அலைந்து திரிவோர் சட்டத்தின் இலக்கு, அவளல்ல என்று 1923இல் உயர் நீதிமன்றம் விளக்கியும் பொலிஸ் வழக்கம் பெரிதாக மாறவில்லை.

தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தல் தனிக்குற்றமானது 1995இல்தான். 2006ஆம் ஆண்டுத் திருத்தம் அதை விரித்தது. தண்டனை 2 முதல் 20 ஆண்டுச் சிறை. ஆனால் ஆட்கடத்தல் வாசலில் தெரியும் குற்றமல்ல. வேலை வாங்கித் தருவதாக அழைத்துவந்து, கொடுத்த முற்பணத்தைக் கடனாக்கி, அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ வாங்கி வைத்துக்கொண்டால் போதும். கதவுக்குப் பூட்டுத் தேவையில்லை.

போர்க்காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களுக்குள் பொலிஸார் நுழைந்தது வேறு காரணத்துக்காக: பாதுகாப்புச் சோதனை. 2007 ஜூன் 7 அன்று லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர்; மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அப்படிப்பட்ட பொலிஸிடம் போய் எந்தப் பெண் முறையிடுவாள்?

அண்மைக் காலத்தில் ஆயுர்வேத மசாஜ் நிலையம் என்ற போர்வையே அதிகம். முற்றுகை நடக்கும் முறை பத்திரிகை வாசகருக்குப் பழக்கமானது: நீதவானிடம் பிடியாணை, வாடிக்கையாளராக நடிக்கும் பொலிஸ்காரர், பணம் கைமாறியதும் சைகை, பின் முகாமையாளரும் பெண்களும் கைது. வழக்கில் எழுதப்படும் வாடிக்கையாளர் பெரும்பாலும் அந்த வேடதாரி ஒருவரே. பெண் கடத்தி வரப்பட்டவளோ என்று சந்தேகம் கொண்ட உண்மையான வாடிக்கையாளர் வாய் திறந்தால் தான் அங்கே போனதையும் சொல்லியாக வேண்டும். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு. அழைப்பதற்கு மனம் வரவேண்டும்.

இங்கிலாந்து 2009இல் வேறு வழியில் போனது. பலவந்தத்துக்கு உள்ளான பெண்ணின் சேவைக்குப் பணம் கொடுப்பதே அங்கு குற்றம். எனக்குத் தெரியாது என்று வாடிக்கையாளர் தப்பிக்க முடியாது. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு ஒன்றும் இல்லை.