மூன்றாவது பத்தி

வடலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆங்கில வினைகளை நாங்கள் வாய்ப்பாடாகத்தான் படித்தோம். கோ, வெண்ட், கான். ரைட், ரோட், ரிட்டன். மூன்றாவது பத்திதான் எமன். 'டிக்' என்பதற்கு அதில் 'டிக்டு' என்று எழுதிய பையனுக்குப் புறங்கையில் பிரம்படி விழுந்தது. அவன் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. அந்த வருஷத்தோடு அவன் படிப்பு நின்றது.

வெகுகாலம் கழித்து, 1611ஆம் வருஷத்து ஆங்கில பைபிளில் ஈசாக்கின் ஆட்கள் கிணறு தோண்டும் இடத்தைப் படித்தேன். அங்கே இருப்பது 'டிக்டு'தான். 'டக்' 16ஆம் நூற்றாண்டில் தலைகாட்டி, 'ஸ்டக்' போன்றவற்றின் சாயலில் பழையதை மெல்லத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்ட வடிவம். அதே பைபிளில் 'ஹெல்ப்' என்பதன் எச்சம் 'ஹோல்ப்பன்'. இன்று அது 'ஹெல்ப்டு'. ஒன்று ஒழுங்கிலிருந்து விலகியது, மற்றொன்று ஒழுங்குக்குள் வந்தது.

பிரம்பு எங்கிருந்து வந்தது? தாமஸ் கிரேயின் இரங்கற்பா 1751இல் அச்சானபோது அதன் தலைப்பிலேயே 'ரிட்டன்' வரவேண்டிய இடத்தில் 'ரோட்' இருந்தது. யாரும் கிரேயை அடிக்கவில்லை. 1762இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் (பின்னாளில் லண்டன் பிஷப்) எழுதிய இலக்கணம் இந்தக் கலப்பைக் கண்டித்தது. மில்டன், ஸ்விஃப்ட் போன்றவர்களே அவருக்குப் பிழைக்கு உதாரணம். 1795இல் லிண்ட்லி மர்ரே அதைப் பெரும்பாலும் எடுத்தாண்டு பள்ளிப் புத்தகமாக்கினார். விதி என்று நாம் மனனம் செய்தது இப்படி ஒரு நூற்றாண்டின் ருசி.

தமிழிலும் இந்தச் சங்கடம் இல்லாமலில்லை. வா வந்த ஆகிறது. கல் கற்ற ஆகிறது. சொல் சொன்ன ஆகிறது, சொல்லிய என்றும் ஆகிறது. அந்நியருக்காகத் தமிழ் லெக்ஸிகன் வினைகளுக்கு வகுப்பு எண் போடவேண்டியிருந்தது. 'சொல்லின' என்கிற நம் வீட்டுக் குழந்தையைக் கேட்டுச் சிரிக்கிறோம், அவ்வளவுதான்.

ஆங்கிலம் எங்கள் பக்கம் 1956க்குப் பிறகு நெய்வேலி இயந்திரங்களோடு வந்து இறங்கியதல்ல. 1867இல் ராமலிங்கர் வடலூரில் தர்மசாலை தொடங்கியதோடு, தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றுக்கும் இடம் வைத்து ஒரு பாடசாலையும் கண்டார். சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அந்த நெருப்பு 'லிட்'டா, 'லைட்டட்'டா? இரண்டும் சரி என்கிறது அகராதி. எங்கள் வாத்தியார் ஒன்றுக்குத்தான் மார்க் போட்டார்.