ஐந்து பேருக்கு ஏழு நாள்: நிவாரணப் பங்கீட்டிலிருந்து நாங்களே எழுதும் பட்டியலுக்கு

ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அம்மா குசினிக்குள் போய் அரிசித் தகரத்தின் மூடியைத் திறந்து பார்ப்பார். கையை உள்ளே விட்டு ஆழம் பார்த்துவிட்டு, "இன்னும் மூண்டு நாளைக்குக் காணும்" என்பார். அவர் சொல்லும் கணக்கு அநேகமாகப் பிழைப்பதில்லை.

அம்மா பிறந்தது மாத்தளை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில். 1970களின் நடுப்பகுதியில் உணவுப் பங்கீடு வெட்டப்பட்டு, தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அவரது சிறுபிராயம். 1977 வன்முறைக்குப் பிறகு குடும்பம் வன்னிக்குப் போனது. அங்கே இடம்பெயர்வுகளுக்கு இடையில் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றார். 2009இல் முள்ளிவாய்க்காலில் உப்புக் கஞ்சி குடித்தார். பிறகு செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி என்று அளந்து தரப்பட்டதை வைத்துச் சமைத்தார். நான் திருமணம் முடித்து மாத்தளைக்கு வந்தபோது அவரும் என்னோடு வந்துவிட்டார். சுற்றி வந்து பிறந்த மண்ணிலேயே இப்போது பேரப்பிள்ளைகளுக்குச் சமைக்கிறார்.

ஒரு கிழமைக்கு ஐந்து பேருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். நானும் கணவரும் அம்மாவும் ஒன்பது, ஐந்து வயதில் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறோம். சுயாதீன ஊடகவியலாளருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அதனால் கிழமைக் கணக்கு எங்களுக்குக் கட்டாயம். மூன்று வருடங்களாக நாங்கள் கைக்கொள்ளும் முறையை, உங்கள் வீட்டுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஏன் கிழமைக் கணக்கு?

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக உயர்ந்தது. ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பணவீக்கம் இறங்கியது. பணவீக்கம் இறங்குவது என்றால் விலை பழைய நிலைக்கு இறங்குவது அல்ல, ஏறும் வேகம் குறைவதுதான். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட் சம்பளம் 1,350 ரூபாயானது. அதே வருடம் டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசு விதித்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபாய். எங்கள் வீட்டுக்குக் கிழமைக்கு 5 கிலோ அரிசி வேண்டும். அந்த விலையில் அதற்கு மட்டும் 1,150 ரூபாய். ஒருவர் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்த அன்றைய கூலியில் பெரும்பகுதி அரிசிக்கே போய்விட்டது. மீதி நாட்களின் கூலி கறிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, மருந்துக்கு, பஸ்ஸுக்குப் பிரிய வேண்டும்.

அன்றன்றைக்கு வாங்குபவர்கள் சின்னப் பக்கெட்டாக, பக்கத்துக் கடையில், கடனுக்கு வாங்குகிறார்கள். மூன்றுமே விலை கூடிய வழிகள். கிழமைக்கு ஒரு முறை பட்டியலோடு போனால் குறைந்தது அந்த மூன்றில் இரண்டைத் தவிர்க்கலாம்.

முதலில் தகரம், பிறகு கடை

பட்டியல் எழுத உட்காரும்போது "என்ன சாப்பிட ஆசை" என்று தொடங்காதீர்கள். "வீட்டில் என்ன கிடக்கிறது" என்று தொடங்குங்கள். அரைப் பக்கெட் கௌப்பி, வாடத் தொடங்கிய கரட், இரண்டு முட்டை, ஒரு துண்டு பூசணிக்காய். முதல் இரண்டு நாள் சமையல் இவற்றிலிருந்து வர வேண்டும். அதற்குப் பிறகு என்ன குறைகிறது என்பதுதான் கடைப்பட்டியல்.

விலை கிழமைக்குக் கிழமை மாறும். அளவு அப்படி மாறாது. ஆகவே பட்டியலை அளவில் எழுதிப் பழகுங்கள். மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் உள்ள எங்கள் வீட்டு அளவு இது:

• அரிசி 5 கிலோ
• கோதுமை மா ஒன்றரைக் கிலோ, அரிசி மா 1 கிலோ
• மைசூர்ப் பருப்பு 1 கிலோ
• பயறு, கௌப்பி, கடலை தலா 300 கிராம்
• நெத்தலிக் கருவாடு 250 கிராம்
• சோயாமீற் 2 பக்கெட்
• முட்டை 12
• மீன் 1 கிலோ, ஒரு நாளைக்கு மட்டும்
• தேங்காய் 5
• மரக்கறி, கிழங்கு 5 முதல் 6 கிலோ, கீரை 4 கட்டு
• எண்ணெய் அரை லீற்றர். சீனி, தேயிலை, தேசிக்காய், வெங்காயம், செத்தல் மிளகாய் தேவைக்கு

உங்கள் வீட்டில் ஆட்கள் கூடினால் அல்லது குறைந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்று தொடங்கலாம். கடினமான உடல் உழைப்பு என்றால் அது போதாது.

எதை எங்கே வாங்குவது

உலர் உணவு, முட்டை, எண்ணெய் ஆகியவற்றுக்கு நாங்கள் சுப்பர் மார்க்கட்டுக்கோ சதொசவுக்கோ போகிறோம். மரக்கறியும் கீரையும் சந்தையில். பலாக்காய், ஈரப்பலாக்காய், பலாக்கொட்டை காலத்தில் கிடைத்தால் அயலிலிருந்து.

அம்மாவுக்கு சுப்பர் மார்க்கட் பிடித்ததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. வன்னியில் அவர் சிங்களம் கேட்டதெல்லாம் சோதனைச் சாவடிகளில்தான். சந்தையில் "கீயத?" என்று விலை கேட்கக்கூட அவருக்கு நா எழுவதில்லை. சந்தைக்காரர்கள் நல்லவர்கள்தான், பலருக்குத் தமிழும் தெரியும். இருந்தும் அவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். சுப்பர் மார்க்கட்டுக்கு முதல் முறை கூட்டிப்போனபோது தட்டுகளைப் பார்த்தபடி மெதுவாக நடந்துவிட்டுச் சொன்னார்: "இங்க ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை பிள்ளை. விலை தானே எழுதிக் கிடக்கு."

எழுதிக் கிடக்கும் விலையையும் கவனமாக வாசிக்க வேண்டும். உதாரணத்துக்கு, 200 கிராம் பக்கெட் 180 ரூபாய், 500 கிராம் பக்கெட் 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரியது லாபம் என்று கை தானாகப் போகும். 100 கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் சின்னது 90 ரூபாய், பெரியது 96. தொலைபேசியில் கல்குலேட்டர் இருக்கிறது, வெட்கப்படாமல் நின்று தட்டிப் பாருங்கள். ஒரு முறை ஒரு கடையில் "இரண்டு எடுத்தால் ஒரு கிண்ணம் இலவசம்" என்று கண்டு, பட்டியலில் இல்லாத இரண்டு பெட்டி தானியத்தை எடுத்துவந்தேன். பிள்ளைகள் ஒரு நாள் சாப்பிட்டார்கள். அந்தக் கிழமை மீன் வாங்கவில்லை. கிண்ணம் மட்டும் இன்னும் இருக்கிறது.

மாத்தளை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1999இல் தொடங்கிய தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் மரக்கறி அங்கே வந்து பிரிகிறது. மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் ஏறக்குறைய 45 கிலோமீற்றர். ஒரு குடும்பத்துக்காக மட்டும் போனால் பஸ் காசு லாபத்தைத் தின்றுவிடும். அது மொத்த வியாபாரத்துக்கான இடம். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து ஒருவரை அனுப்பி, வந்ததும் பங்கிட்டால் பொருந்தும்.

பெரிய வெங்காயத்துக்கு இது இன்னும் பொருந்தும். தம்புள்ளை, கலேவெலப் பக்கத்தில் சிறுபோக வெங்காய அறுவடை ஆகஸ்ட்டை ஒட்டித் தொடங்கும். அந்த நாட்களில் நன்றாகக் காய்ந்த வெங்காயத்தைச் சேர்ந்து வாங்கி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் பல கிழமைகளுக்கு வரும்.

புரதம் எங்கே மலிவு?

காசு குறையும்போது முதலில் குறைவது மீனும் முட்டையும். சோறு மட்டும் குறையாது. வயிறு நிறையும், பிள்ளை வளராது. ஆகவே புரதத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

சமைக்காத நிலையில் 100 கிராம் மைசூர்ப் பருப்பு, பயறு, கௌப்பி ஆகிய ஒவ்வொன்றிலும் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. கடலையில் சுமார் 20. உலர்ந்த சோயாமீற்றில் ஏறக்குறைய 50. நெத்தலிக் கருவாட்டிலும் 50க்கு மேல். ஒரு முட்டையில் 6. சொசேஜ் 100 கிராமில் 12 முதல் 15 வரைதான். கடையில் நிற்கும்போது 100 கிராம் விலையைப் புரத அளவால் வகுத்துப் பாருங்கள், ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தெரியும். நான் பார்த்தவரை பருப்பும் சோயாமீற்றும் ஒவ்வொரு முறையும் சொசேஜைத் தோற்கடிக்கின்றன.

பருப்பும் சோறும் ஒரே நாளில் சேர்ந்தால் ஒன்றில் குறைவதை மற்றது நிரப்பும். கௌப்பி, கடலையை இரவே ஊறப்போட்டால் எரிவாயு மிச்சம். கருவாட்டில் உப்பு அதிகம். கழுவி, சிறிது நேரம் ஊறவைத்துச் சமையுங்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

எங்கள் ஏழு நாள்

ஞாயிறு: காலை பிட்டு, சம்பல். மதியம் சோறு, மீன்குழம்பு, பொன்னாங்காணி வறை. இரவு ரொட்டி, மிஞ்சிய குழம்பு.

திங்கள்: காலை அவித்த கௌப்பி, தேங்காய்ப்பூ. மதியம் சோறு, பருப்பு, கத்தரிக்காய். இரவு சோறு, முட்டைக் குழம்பு.

செவ்வாய்: காலை ரொட்டி, சம்பல். மதியம் சோறு, உருளைக்கிழங்கு போட்ட நெத்தலிக் குழம்பு, கோவா வறை. இரவு இடியப்பம், பருப்புச் சொதி.

புதன்: காலை அவித்த பயறு. மதியம் சோறு, சோயாமீற் கறி, பூசணிக்காய். இரவு அதே கறியோடு சோறு.

வியாழன்: காலை மரவள்ளிக்கிழங்கு, சம்பல். மதியம் சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி அல்லது பயற்றங்காய். இரவு பிட்டு, முட்டைப் பொரியல்.

வெள்ளி, சைவம்: காலை இடியப்பம், சொதி. மதியம் சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், ஒரு மரக்கறி. இரவு ரொட்டி, கடலைக் கறி.

சனி: மிச்சம் கிடக்கும் மரக்கறி எல்லாம் ஒரு சாம்பாரில். இரவு முட்டையும் கரட்டும் போட்டு வதக்கிய சோறு. பிள்ளைகள் காத்திருப்பது இதற்குத்தான்.

குழம்பு ஒரு முறை வைத்து இரண்டு வேளைக்கு எடுப்பதுதான் இதில் உள்ள சிக்கனம். மிஞ்சிய சோற்றையும் கறியையும் வெளியே நெடுநேரம் வைக்காமல், ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இரவுக் கறியை அளவாக வைப்பதே பாதுகாப்பு.

தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்

தேயிலை விளையும் மாவட்டத்தில் இதைச் சொல்வது சங்கடம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. இரத்தச்சோகை உள்ள பெண்களும் வளரும் பிள்ளைகளும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது. கீரை வறைக்கு மேல் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். இதற்குச் செலவே இல்லை. கர்ப்பிணிகளும், நிறை குறைந்த பிள்ளைகள் உள்ளவர்களும் திரிபோஷ பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கட்டாயம் கேளுங்கள்.

விலையில் ஏமாற்றப்பட்டால்

பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் எந்தக் கடையும் விற்க முடியாது. காலாவதித் திகதியைப் பாருங்கள், பற்றுச்சீட்டை வாங்குங்கள், வீட்டுக்கு வந்து பட்டியலோடு ஒப்பிடுங்கள். முறையிட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

பட்டியலில் இல்லாதவை

இரண்டு விடயங்களை நான் பட்டியலில் எழுதுவதில்லை. ஒன்று கஞ்சி. மே மாதத்தில் ஒரு நாள் அம்மாவே அதைக் காய்ச்சுவார். அன்றைக்கு யாரும் கறி கேட்பதில்லை.

மற்றது பிடி அரிசி. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறொரு பேணியில் போடுவார். ஆரம்பத்தில், "கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு அம்மா?" என்று கேட்டேன். "கணக்கு உன்ரது. பேணி என்ரது" என்றார். முகாமில் அளந்து தந்தவர்கள் நாளைக்கும் தருவார்களா என்று தெரியாமல் இருந்தவருக்கு, நான் எழுதிய பட்டியலை முழுதாக நம்பக் காலம் எடுக்கும்.

மாதக் கடைசியில் எனக்குக் கட்டுரைப் பணம் பிந்திய ஒரு கிழமை, அந்தப் பேணியிலிருந்துதான் இரண்டு நாள் சோறு வந்தது. அதற்குப் பிறகு நான் 5 கிலோ அரிசி என்று எழுதும்போது அவரது பிடியையும் சேர்த்தே எழுதுகிறேன்.