மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதைத் தொடர்ந்து வடபகுதி மீது அரசாங்கம் பொருளாதாரத் தடையை விதித்தது. பெற்றோல், டீசல், பற்றறி ஆகியன தடைப்பட்டன. மின்சாரம் நின்றது. வாகன உதிரிப்பாகங்கள் அருமையாயின. மண்ணெண்ணெய் மட்டுமே மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. இருந்தும் யாழ்ப்பாணத்து வீதிகளில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவை எப்படி ஓடின என்ற கதைக்கு, போர்க்களச் செய்திகளுக்குக் கிடைத்த இடம் நமது வரலாற்றெழுத்தில் கிடைக்கவில்லை.

பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கோ சூடு வேண்டும். ஆகவே சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்குவார்கள். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும். வழியில் நின்று ஆறிவிட்டால் மறுபடியும் துளிப் பெற்றோல்தான் கதி.

இதனை அற்புதம் என்று வியப்போர் உளர். ஆனால் இது யாழ்ப்பாணத்து விவசாயி முன்னரே அறிந்திருந்த சங்கதி. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீரிறைத்த இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியவையே. இரண்டாம் உலகப்போரின் பின்னர் வந்த பிரித்தானிய உழவு இயந்திரங்கள் பலவும் அவ்வாறே அமைந்தவை. தோட்டத்தில் இருந்த அறிவை வீதிக்குக் கொண்டுவந்ததே கராச்சுகளின் சாதனை.

அதற்குத் தோதாக அமைந்தவை பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ40களும். அவற்றின் இயந்திரங்களில் அமுக்கம் குறைவு. தரம் குறைந்த எரிபொருளையும் அவை ஏற்றுக்கொண்டன. காலங்கடந்தவை எனக் கருதப்பட்ட கார்கள் நோயாளரையும் மணமக்களையும் சுமந்தன.

இவை தனியொருவரின் வேலையல்ல. ஒருவர் கழற்ற, இன்னொருவர் கழுவ, மற்றொருவர் பழைய வாகனமொன்றிலிருந்து உதிரிப்பாகம் கொண்டுவந்து கொடுப்பார். கையில் காசில்லாத காலத்தில் நட்பே முதலீடாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் ஏனையோர் பிபிசி தமிழோசை கேட்டதும் அதே கூட்டுறவினால்தான்.

எனினும் இதற்கு விலையும் இருந்தது. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுடன் கலந்து அதன் தன்மையைக் கெடுத்தது. பிளக்குகளில் கரி படிந்தது. வீதியெங்கும் புகை சூழ்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மண்ணெண்ணெயை நம்பியே மாணவரின் குப்பிவிளக்கும் விவசாயியின் இறைப்பும் இருந்தன. காரில் எரிந்த ஒவ்வொரு போத்தலும் இவற்றில் ஒன்றிலிருந்து குறைந்ததே. தடை நமக்குத் தற்சார்பைக் கற்றுத்தந்தது என்று இன்று பெருமை பேசுவோர் இந்தக் கணக்கை மறந்துவிடுகின்றனர்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, பலர் இருந்ததைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தனர். அந்த இடப்பெயர்வு பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் கராச்சுகளில் நின்றவர்கள் இன்று முதியவர்கள். எந்தத் திருகாணியை எவ்வளவு திருப்பினார்கள், எந்த எண்ணெயை எதனுடன் கலந்தார்கள் என்பவை அவர்களின் நினைவிலேயே இருக்கின்றன. உறவினர் எவரேனும் இருந்தால் கேட்டு எழுதிவையுங்கள். தேதியும் ஊரும் சேர்த்து எழுதினால் நாளைய வரலாற்று மாணவனுக்கு அது ஆவணமாகும்.