அடைமொழியும் காற்புள்ளியும்

பழைய ஓலைச்சுவடிகளில் காற்புள்ளி முதலிய நிறுத்தக்குறிகள் இல்லை. சொற்றொடர்பை யாப்பும் உரையாசிரியர் விளக்கமுமே புலப்படுத்தின. 19ஆம் நூற்றாண்டில் அச்சு உரைநடை வளர்ந்தபொழுது, ஆறுமுக நாவலர் (1822–1879) மேலைநாட்டுக் குறிகளைத் தமிழில் முறையாக ஆண்டார். அடுக்கிவரும் அடைமொழிகளுக்கிடையே காற்புள்ளி வேண்டுமா என்பது அதனோடு எழும் வினா. எச்சங்கள் பல அடுக்கினும் இறுதிச்சொல்லால் முடியும் என்பது நன்னூலார் கருத்து. அதன்வழி நோக்கின், 'நெடிய, கரிய குன்றம்' என்புழி இரண்டும் தனித்தனியே குன்றத்தைத் தழுவுதலின் குறி பொருந்தும். 'இளம் பச்சை இலை' என்புழி இளமை பச்சையைத் தழுவுதலின் பொருந்தாது. 'பழைய அரசன் கோயில்' என்பதில் பழமை அரசற்கோ, கோயிற்கோ? 'பழைய' என்பதன்பின் குறியிடின் கோயிற்கே ஆகும். ஆகலின், சுவடியில் இல்லாத குறியை இடும் பதிப்பாசிரியர் உரையாசிரியர் பணியையே மேற்கொள்கின்றார் எனலாம்.