கம்பெனித் துப்பாக்கியும் அதன் பிரதியும்

பினாங்கில் டத்தோ கிராமாட் சாலைக்கு அணித்தாக லோரோங் கூலிட் என்னும் பழம்பொருட் சந்தை உளது. செல்லாத நாணயம், பித்தளை விளக்கு, நின்றுபோன கடிகாரம் என்று பயன் ஒழிந்த பொருள்கள் அங்கே மீண்டும் விலை பெறுகின்றன. இத்தகைய சந்தையிலோ, பழைய வீட்டின் பரணிலோ, நீண்ட குழலும் சக்கிமுக்கிக் கல்லும் கொண்ட துப்பாக்கி ஒன்று வெளிப்படுமாயின், கண்டவர் கேட்கும் வினா இரண்டே. செய்தவர் யார்? விலை என்ன? விசைப்பூட்டின் தகட்டில் ஒரு பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருந்தால், இரண்டு வினாவிற்கும் விடை கிடைத்துவிட்டதாக மகிழ்வோர் பலர். அந்த விடைதான் பெரும்பாலும் பிழையாகிறது.

துப்பாக்கி என்ற சொல் துருக்கிய மொழியிலிருந்து இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்ததென்பர். மலாய் மொழியில் வழங்கும் ‘செனாப்பாங்’ என்பதோ டச்சுக்காரர் தந்த சொல்; கல் மோதித் தீப்பொறி எழுப்பும் பழைய துப்பாக்கிக்கு அவர்கள் இட்ட பெயரின் திரிபு. அதற்கு முன் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த ‘இஸ்திங்கார்’ திரித்துப்பாக்கியைக் குறிக்கும். எந்தக் கப்பல் எந்தக் கருவியைக் கொணர்ந்தது என்பதை இச்சொற்களே சொல்லிவிடுகின்றன.

முதலில் கண்டறிய வேண்டியது துப்பாக்கியின் இனம். அமெரிக்காவில் பென்சில்வேனியா வட்டாரத்தில் 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய நெடுந்துப்பாக்கியின் குழலுள் திருகு வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு சுழன்று வெளிப்படுவதால் குறி தப்பாது. அது பெரும்பாலும் ஒரு கொல்லரின் பட்டறையில் உருவானது. லங்காஸ்டர் நகரத்து ஜேக்கப் டிக்கர்ட் போன்றோர் குழலின் மேற்புறத்தில் தம் பெயரைப் பொறித்தனர். அங்கே ‘செய்தவர் யார்’ என்ற வினாவிற்குப் பொருள் உண்டு. பினாங்கில் 1786இல் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய நாள்முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய் தோளில் சுமந்தது வேறு இனம். அதன் குழலுள் வரி இல்லை, வழவழப்பான உட்புறம். வரிசையாக நின்று ஒருசேரச் சுடுவதற்கே அது ஆக்கப்பட்டது.

இந்தக் கம்பெனித் துப்பாக்கிக்குத் தனி ஒருவரைச் செய்தவர் என்று காட்ட இயலாது. குழல் அடித்தவர் ஒருவர், பூட்டு இழைத்தவர் ஒருவர், கட்டை செதுக்கியவர் ஒருவர். பர்மிங்ஹாமிலும் லண்டனிலும் பல பட்டறைகளில் பிறந்த உறுப்புகள் ஒன்றுசேர்ந்தே அது முழுமை பெற்றது. பூட்டில் காணப்படும் பெயர் ஒப்பந்தக்காரருடையது. வில்சன், பார்னெட் போன்ற பெயர்கள் இவ்வகையின. ஆகவே பெயரைவிட முத்திரையே முதன்மையான சான்று. 1808 வரை கம்பெனியின் அடையாளம் இதயவடிவக் குறி. அதன் அறைகளில் வி. இ. ஐ. சி. என்னும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். உச்சியில் நான்கு என்ற எண் போன்றதொரு கோடு. 1808ஆம் ஆண்டையொட்டி அது நீங்கி, முடியேந்தி நிற்கும் சிங்கம் வந்தது. அளவும் சாட்சி சொல்லும். அரசப் படையின் பழைய துப்பாக்கிக் குழல் 46 அங்குலம். அதன்பின் வந்தது 42. கம்பெனிக்காக வகுக்கப்பட்ட இந்திய மாதிரிக்கு 39 அங்குலம். பிரெஞ்சுப் போர் 1793இல் மூண்டபோது ஆயுதப் பஞ்சத்தில் சிக்கிய ஆங்கில அரசு, கம்பெனிக்கென்று செய்து வைத்திருந்தவற்றையே வாங்கித் தன் படைக்கு அளித்தது. 1797 முதல் அதுவே அரசப் படையின் மாதிரியுமாயிற்று. கீழ்நாட்டுச் சிப்பாய்க்கென்று சிக்கனமாக வகுத்த கருவி, வாட்டர்லூ வரை ஆங்கிலப் படைவீரனின் கையில் இருந்தது!

இனிப் பிரதிகளைக் காண்போம். இத்தாலியில் கார்டோனே என்னும் ஊர் நெடுங்காலமாகக் குழல் அடிப்பதில் பேர்பெற்றது. அங்குள்ள பெடர்சோலி நிறுவனம் 1957இல் தொடங்கப்பட்டது. அது ஆக்கும் ஆங்கிலத் துப்பாக்கிப் பிரதியின் பூட்டில் ‘கிரைஸ் 1762’ என்று வெட்டப்பட்டிருக்கும். அரச முடியும் ஜி. ஆர். என்ற எழுத்தும் உடனிருக்கும். கிரைஸ் என்பவர் உண்மையில் வாழ்ந்த ஒப்பந்தக்காரரே. நிறுவனம் எவரையும் ஏமாற்றவில்லை. பிரதி என்றே விற்கிறது. ஆனால் அது நான்கைந்து கை மாறி, மரம் கறுத்து, இரும்பு சிறிது துருவேறிய பிறகு, 1762 என்ற எண்ணைக் கண்டவர் இருநூற்றறுபது ஆண்டுப் பழமையைக் கையில் ஏந்தியதாகவே எண்ணுவர். அவர் பார்க்கத் தவறுவது குழலின் அடிப்புறம். இத்தாலியச் சோதனைச் சாலையின் முத்திரை, கருமருந்துக்குரிய பி. என். என்ற எழுத்து, சோதித்த ஆண்டின் குறியீடு ஆகியவை அங்கே இருக்கும். சில வேளை கட்டையிலிருந்து குழலைக் கழற்றிய பின்னரே தென்படும். முன்னோர் கைவேலைக்கு மில்லிமீட்டர் அளவு பொறிக்கப்பட்டிருக்க வழியில்லை என்ற சிறு நினைப்பே போதும், பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

இந்தியாவிலும் இக்காலத்தில் பிரதிகள் செய்து மேல்நாட்டுக்கு அனுப்புகின்றனர். அவற்றுள் பலவற்றிற்கு மருந்துக் கிண்ணத்திலிருந்து குழலுக்குச் செல்லும் பற்றுத்துளை இடப்படுவதில்லை, துளையில்லாதது சுடாது. வெறும் அலங்காரமாக வார்க்கப்பட்டவையும் உள. காந்தத்தை வைத்துப் பார்த்தால், இரும்பு போல் காட்சி தரும் பூட்டு துத்தநாகக் கலவை என்று தெரியவரும். ஆனால், மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. சுடாதது என்பதால் சுவரில் மாட்டிவிடலாம் என்று கருதுவோர், ஆராய்ச்சிக்கு முன் காவல் நிலையத்தை நாடுவது நலம்.

பிரதி என்றாலே போலி என்று தள்ளிவிடுவதும் தவறு. கம்பெனித் துப்பாக்கி வழக்கிலிருந்த காலத்திலேயே அதைப் பார்த்துச் செய்த கீழ்நாட்டுக் கொல்லர் பலர். வடமேற்கு எல்லைப்புறத்து வேலைப்பாடுகளில் ஆங்கில எழுத்துகள் திரும்பி நிற்கும். சிங்கம் நாய்போல் நிற்கும். அடுத்தவன் விடைத்தாளைப் பார்த்தெழுதும் மாணவன் பிழையையும் சேர்த்தெழுதுவான் அல்லவா? எழுத்தறியாத கொல்லனோ புதுப்பிழைகளைத் தானே சேர்த்தான். அந்தப் பிழையே அவன் கையொப்பம். நேபாளமும் ஆங்கிலத் துப்பாக்கியைப் பின்பற்றித் தன் படைக்குச் செய்துகொண்டது. 2003இல் காத்மாண்டுவின் பழைய ஆயுதசாலையை அமெரிக்க வணிகர் விலைக்கு வாங்கியபோது, அசலும் அக்காலப் பிரதியுமாகப் பல்லாயிரம் வெளிவந்தன. இவை பிரதியாயினும் வரலாற்றுப் பொருள்களே. படைவீரன் சுமந்த துப்பாக்கி வேறு, விற்பனைக்கென்று பழமைபூசிய துப்பாக்கி வேறு.

விலை இந்த வேறுபாட்டைத்தான் பின்தொடர்கிறது. இத்தாலியப் பிரதி புதிதாகவே ஓரிரண்டு ஆயிரம் அமெரிக்க வெள்ளி அளவில் கிடைக்கும். பழையதாவதால் அது உயர்வதில்லை. திப்பு சுல்தானின் துப்பாக்கிகளோ புலிவரி அணிந்தவை. பலவற்றில் செய்த ஊர் ஸ்ரீரங்கப்பட்டணம் என்பதும், அவர் வகுத்த ஆண்டுக்கணக்கும் பொறிக்கப்பட்டுள்ளன. 1799இல் கோட்டை வீழ்ந்தபின் கொள்ளையாகச் சென்ற பொருள்களுள் ஒன்று, சனியன் முனையோடு கூடிய சக்கிமுக்கித் துப்பாக்கி, 2019 மார்ச்சில் இங்கிலாந்தில் 60,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. யாருடையது, எவ்வழி வந்தது என்ற வரலாறு அறுபடாமல் உடன்வந்ததே அவ்விலைக்குக் காரணம்.

தமிழ்நாட்டுப் பாளையக்காரர் துப்பாக்கிகளுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. உள்ளூர்க் கொல்லர் அடித்த அத்திரித்துப்பாக்கிகளில் பெரும்பாலும் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் சிலவேனும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. பாளையங்களில் இருந்தவற்றைக் கம்பெனி விட்டுவைக்கவில்லை. மருது சகோதரர் 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பின், அவ்வாண்டின் இறுதியில் வெளியான பிரகடனம் மக்கள் ஆயுதம் தாங்குவதையே தடுத்தது. 1802 பிப்ரவரியில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சிவகங்கை வேங்கை பெரிய உடையத் தேவர் உட்பட எழுபதுக்கு மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் கரையிறங்கிய தீவு இந்தப் பினாங்கு. சிங்க முத்திரை வருவதற்கு இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. அவர்களைக் காத்து நின்ற சிப்பாயின் பூட்டில் இதயக்குறியே இருந்திருக்க வேண்டும்.

சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்ட கம்பெனிப் படைத் தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ், 1818இல் இத்தீவுக்கு வந்தார். துரைசாமி அவரைத் தேடி வந்து தம் பெயரைச் சொல்லும்வரை, எதிரே நின்ற அந்தத் தளர்ந்த மனிதர் யாரென்று வெல்ஷுக்குத் தெரியவில்லை.