ஒற்றைப்பலகைக் கணினியில் தமிழ் நிரலாக்கச் சூழல்

ராசுபெரி பை என்னும் ஒற்றைப்பலகைக் கணினி 2012 பெப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் வெளியானது. அதே ஆண்டு டிசம்பர் 28 முதல் 30 வரை, கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உத்தமம் அமைப்பின் 11ஆவது தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் மலிவான கணினி வந்தபின், அதில் தமிழ் மாணவர் எம்மொழியில் நிரல் எழுதுவது என்ற கேள்வி எழுந்தது.

இப்பலகைக்கு வன்வட்டு கிடையாது. இயங்குதளத்தை எஸ்டி அட்டையில் எழுதிச் செருக வேண்டும். பெயரிலுள்ள ‘பை’ பைத்தான் மொழியை நினைவூட்டுவது. தொடக்ககால ராசுபியன் இயங்குதளத்தின் முகப்பில் ஐடில், ஐடில் 3 என இரு படவுருக்கள் இருந்தன. முன்னது பைத்தான் 2க்கு, பின்னது பைத்தான் 3க்கு. ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு பெரிதன்று; தமிழுக்கோ அதுவே முதன்மையானது. பைத்தான் 2 நிரற்கோப்பில் யுடிஎஃப்-8 குறிமுறையை முதலில் அறிவிக்காமல் தமிழ்ச்சொல்லை இட்டால் பிழைச்செய்திதான் வரும். அறிவித்தபின் ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்னும். அது பைட்டுகளின் எண்ணிக்கை. பைத்தான் 3 அதையே 5 என்னும்: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும் விடையான 3 கிடைக்க, ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகத்தைத் தனியே நிறுவ வேண்டும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியும் பைத்தானில் எழுதப்பட்டதே. அதில் ‘பதிப்பி’ என்பது திரையில் காட்டும் கட்டளை. நிபந்தனை முன்னே வர, ‘ஆனால்’ என்ற சொல் அதன்பின் வருகிறது, தமிழ் வாக்கியத்தில் வருவது போலவே.