கிணறு கூறும் சரித்திரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை செம்மண்ணூடாக இறங்கி, சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளுட் புகுந்து, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. நாம் குடிப்பதும் அந்நீரே. தோட்டத்திற்கு இறைப்பதும் அந்நீரே. ஆதலின், நிலத்தை ஆண்ட முறை மாறியபோது நீரின் குணமும் மாறிற்று.

எம் பாட்டன்மார் காலத்திலே துலா மிதிக்கவும், பட்டை பிடிக்கவும், தண்ணீர் மாறவும் பலர் கூடினாலன்றித் தோட்டம் நனையாது. மனித வலுவே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. பட்டியடைத்தும் குழை தாழ்த்தும் மண்ணுக்கு உரமூட்டினர்.

1950ஆம் ஆண்டுகள் தொடக்கம் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவலாயின. 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே, இவற்றின் விலை ஏறிற்று. ஓய்ந்து கிடந்த நிலமும் இடைவிடாது பயிரேற்றது. யூரியா முதலிய செயற்கைப் பசளைகள் மிகுந்தன. அவ்வருவாயே பல குடும்பங்களின் பிள்ளைகளைக் கல்வி கற்பித்தது என்பதை மறத்தல் நன்றியன்று.

ஆயினும், பயிர் உண்டு எஞ்சிய பசளை நைத்திரேற்றாகி, மிகையாக இறைத்த நீருடன் மீண்டும் கிணற்றையே அடைந்தது. வளவுகள் பிரிந்து சிறுத்தபோது மலசலகூடக் குழிகளும் கிணறுகளை நெருங்கின. மழைநீரை நிலத்துக்கு ஊட்டிய குளங்கள் சில தூர்ந்தன, சில மூடப்பட்டன. 1980ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட ஆய்வுகள் தோட்டக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று மிகுந்திருத்தலைக் காட்டின.

குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரையறை. மிகுந்தால், புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமை குன்றும். இதற்கு நிறமில்லை, மணமுமில்லை. காய்ச்சினாலும் நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். தெளிந்த நீர் தூய நீர் என்னும் எம் பழைய நம்பிக்கை இங்கே பொய்க்கின்றது.

ஆகவே, பெரியோர்களே, தோழர்களே, ஒவ்வொருவரும் தத்தம் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். பசளையைப் பயிரின் தேவையளவிலே இடுதலும், ஊர்க் குளங்களைத் தூர்வாருதலும் எம்மால் இயலாதன அல்ல. இவ்வாண்டு மண்ணில் நாம் மிகையாக இடுவது வரும் மாரியோடு கீழிறங்கும். அதனை அள்ளிக் குடிப்போர் எம் பிள்ளைகளே.